இரண்டாவது சொல்

பரமசிவத்துக்குப் 'ப' வராது. மற்ற எழுத்துகளும் அவ்வப்போது தொண்டையில் நின்று தகராறு பண்ணும். ஆனால் 'ப' என்றால் உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு பிரியவே பிரியாது. யாராவது பெயர் கேட்டால் சட்டைப்பையிலிருந்து அலுவலக அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிடுவார். டீக்கடையில் பிஸ்கட் வேண்டுமானால் கண்ணாடி ஜாடியை விரலால் காட்டுவார். மகளுக்குப் பிரியதர்ஷினி என்று பெயர் வைத்தது அவருடைய அப்பா. பரமசிவம் பதினைந்து வருஷமாக அவளைத் தர்ஷினி என்றுதான் கூப்பிட்டு வருகிறார்.

மனைவியின் பெயர் வள்ளியம்மை. சங்கரன்கோவிலுக்குப் பெண் பார்க்கப் போனபோது அந்தப் பெயரை மனசுக்குள் ஒருதரமும் வாய்க்குள் ஒருதரமும் சொல்லிப் பார்த்தார். தடங்கலில்லாமல் வந்தது. உடனே சரியென்று தலையாட்டிவிட்டார். இதை அவளிடம் அவர் சொன்னது கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துத்தான்.

"அப்ப என் மூஞ்சிய நீங்க பாக்கவே இல்லையா?" என்று கேட்டுவிட்டு அன்று முழுக்க அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்துநாலு வயதில் அவர் டெல்லியில் ஓர் அமைச்சகத்தில் பிரிவு அதிகாரி. கோப்பில் குறிப்பு எழுதினால் ஒரு வரி அதிகமிருக்காது, ஒரு வரி குறையாது. கூட்டங்களில் வாய் திறக்கமாட்டார். அலுவலகத்தில் அவரைச் சாது என்பார்கள். அந்தச் சாது, குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கறுப்பு அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, கழுத்தில் விசிலோடு, எருமை மாதிரி மோதிக்கொள்ளும் ஆட்களின் நடுவே ஓடுவார் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. பரமசிவம் ரக்பி நடுவர்.

அவர் வளர்ந்தது சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில். கல்லூரியில் சேர்ந்த வருஷம், கால் வேகமாக ஓடுகிறதே என்று வகுப்புத் தோழன் ஒருவன் ரக்பி ஆட இழுத்துக்கொண்டு போனான். மைதானத்தின் ஓரத்தில், 'விங்' என்கிற இடத்தில் நிறுத்தினார்கள். அங்கே நிற்கிறவனுக்கு ஒரே வேலைதான், பந்து வந்தால் ஓட வேண்டும். யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பரமசிவத்துக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. இருபத்தெட்டு வயதில் முழங்கால் போகிறவரை ஆடினார். போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டுக்கு வெளியே வந்து நிற்பார். ஒருநாள் நடுவர் வரவில்லை. "பரம்ஜி, உங்களுக்குத்தான் ரூல் எல்லாம் தெரியுமே" என்று யாரோ அவர் கையில் விசிலைத் திணித்தார்கள்.

விசில் திக்கவில்லை.

அன்று அவர் கண்டுகொண்டது அதைத்தான். பந்து கைதவறி முன்னால் விழுந்தால் சின்னதாக ஓர் ஊதல். பெனால்டி என்றால் கொஞ்சம் நீளமாக, கோபமில்லாமல். கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்து ட்ரை போட்டால் மார்பு நிறைய ஊதல். மிச்சத்தைக் கை சொல்லிவிடும். நாளாக ஆக ஊதாமல் இருப்பதும் அவருக்குக் கைவந்தது. ஒரு பக்கம் தவறு செய்திருக்கும். ஆனால் பந்து இன்னும் எதிர்ப்பக்கத்துக் கையில் இருக்கும், அவர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். அப்போது கையை மட்டும் நீட்டிக்கொண்டு கூடவே ஓடிப் பார்க்க வேண்டும். லாபம் கிடைத்துவிட்டால் விசில் வேண்டாம், இல்லையென்றால் பழைய இடத்துக்குக் கூட்டிவர வேண்டும். எத்தனை நொடி பொறுப்பது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. பொறுத்துப் பார்ப்பது பரமசிவத்துக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பள்ளி ஆட்டங்கள், ஏழு பேர் ஆட்டங்கள் என்று பதினைந்து வருஷம் அப்படியே ஓடிற்று. பையன்கள் அவரைச் 'சுப்வாலா சர்' என்பார்கள். பேசாத சார். அந்தப் பெயரில் மரியாதைதான் இருந்தது.

பதினைந்து பேர் ஆடும் பெரிய ஆட்டத்துக்கு அவரைப் போன வருஷம் உயர்த்தினார்கள். கஷ்டம் அங்கேதான் தொடங்கியது.

பெரிய ஆட்டத்தில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோள் கோத்துக் குனிந்து, எதிராளியின் தோளிடுக்கில் தலையைச் செருகி முட்டித் தள்ளுவார்கள். நடுவே உருட்டிவிடும் பந்து யார் காலில் சிக்குகிறதோ ஆட்டம் அவர்களுக்கு. ஏழு பேர் ஆட்டத்தில் இதற்கு மும்மூன்று பேர்தான், சமாளித்துவிடலாம். இங்கே பதினாறு பேர். கூட்டிப் பார்த்தால் ஒன்றரை டன். அத்தனை கனமும் முன்வரிசையில் நிற்கிற ஆறு பேரின் கழுத்தில் இறங்கும். அதனால் நடுவர் மூன்று சொல் சொல்லி அவர்களைப் பக்குவமாகச் சேர்த்துவைக்க வேண்டும். 'க்ரவுச்' என்றால் குனிய வேண்டும். 'பைண்ட்' என்றால் எதிராளியின் சட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 'செட்' என்றால் முட்டலாம்.

இரண்டாவது சொல் 'ப'வில் தொடங்குகிறது.

நவம்பர் கடைசியில் ஓர் ஆட்டம். க்ரவுச் என்றார், பதினாறு பேரும் குனிந்தார்கள். அடுத்த சொல்லுக்கு உதடு ஒட்டிக்கொண்டது. பரமசிவம் கண்ணை இறுக்கி, கழுத்து நரம்பு புடைக்க அந்தச் சொல்லை வெளியே தள்ளிப் பார்த்தார். ஆறு நொடியோ ஏழு நொடியோ. பின்னாலிருந்த கனம் தாங்காமல் ஒரு முன்வரிசைக்காரன் தடுமாறி முன்னால் சாய, இரண்டு பக்கமும் கோணலாக மோதி, மொத்தமும் சரிந்து விழுந்தது. எல்லோரும் எழுந்தார்கள். முன்வரிசையின் நடுவில் ஆடிய ஒருவன் மட்டும் எழவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு புல்லில் கிடந்தான். அவன் கால்விரலை அசைத்துக் காட்டுகிறவரை பரமசிவம் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐஸ் வைத்துக்கொண்டு, தானே நடந்து வெளியே போனான்.

நடுவர்களைக் கவனித்து அறிக்கை எழுதுகிறவள் அம்பிகா. முப்பத்துமூன்று வயது, விமான நிலையத்தில் வேலை. முன்பு நன்றாக ஆடிய பெண். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆட்டம் முடிந்ததும் அவள் அவரிடம் வந்தாள்.

"பரம் சார், நான் எழுதத்தான் போறேன். உங்ககிட்ட சொல்லாம எழுதக் கூடாதுன்னு வந்தேன். மத்ததெல்லாம் ஏக்தம் ஃபர்ஸ்ட் க்ளாஸ். ஆனா ஸ்க்ரம் சேஃப் இல்ல."

"எழுதுங்க" என்றார் பரமசிவம். "நானா இருந்தாலும் அ... அதைத்தான் எழுதுவேன்."

அவள் கையிலிருந்த குறிப்பேட்டை மூடினாள். பிறகு அவர் தோளை ஒருதரம் தொட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் துவாரகா வீட்டில் செய்தித்தாளைப் பிரித்துவைத்து உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். மூன்றாவது ஞாயிறு வள்ளியம்மை அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஜனக்புரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். பதில் வருகிறவரை விடமாட்டாள்.

"ஏங்க, மூணு வாரமா வீட்லயே இருக்கீங்க. காத்து மோசம்னு மேட்சை நிப்பாட்டிட்டாங்களா?"

"இல்ல. நான்தான் நிப்பாட்டிட்டேன்."

விஷயத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு நேரமாயிற்று. வள்ளியம்மை நடுவில் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் திக்கும்போது வார்த்தையை எடுத்துக் கொடுக்கிறவர்கள்தான் உலகத்தில் அதிகம். வந்த புதிதில் அவளும் அதைத்தான் செய்தாள். ஒருநாள் அவர் முகம் வாடுவதைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

"அவனுக்குக் கழுத்து ஒடிஞ்சிருந்தா?" என்று முடித்தார்.

வள்ளியம்மை எழுந்து நின்றாள். பிறகு உள்பக்கம் பார்த்து, "ஏட்டி தர்ஷினி, இங்க வா" என்று குரல் கொடுத்தாள். "உங்கப்பா என்ன செய்தாங்கன்னு எனக்கு ஒண்ணும் விளங்கல. நாம செஞ்சு பாப்போம்."

"க்யா மம்மி, ஸ்க்ரமா? ஹால்லயா?" மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அம்மாவும் மகளும் தோளில் கைபோட்டுக்கொண்டு ஒரு பக்கம் குனிந்தார்கள். எதிர்ப்பக்கத்துக்கு சோபா. வள்ளியம்மை புடவையை இடுப்பில் செருகியிருந்தாள். பரமசிவம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசியில் பக்கத்தில் வந்து நின்றார்.

"க்ரவுச்" என்றார்.

அடுத்தது வரவில்லை. உதடு ஒட்டிக்கொண்டது. அவர் தள்ளினார். தர்ஷினி குனிந்த தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். வள்ளியம்மை கண்ணாலேயே அவளை அடக்கினாள். இன்னும் வரவில்லை.

"ஏங்க, எனக்கு இடுப்பு வலிக்கி" என்று வள்ளியம்மை நிமிர்ந்துவிட்டாள். "நான் எந்திரிச்சிட்டேன். வரும்போது சொல்லுங்க, மறுபடி குனியுதேன். வராததுக்காக எதுக்கு எல்லாரும் குனிஞ்சுக்கிட்டே கிடக்கணும்?"

பரமசிவம் அவளையே பார்த்தார். சட்டம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. முன்வரிசையில் கால் சறுக்கினால், பிடி நழுவினால், நடுவர் எல்லாரையும் எழுப்பி நிறுத்தி மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். அவரே நூறுதரம் அப்படிச் செய்திருக்கிறார், ஆட்டக்காரர்களின் சறுக்கலுக்காக. தன் சறுக்கலுக்காக ஒருதரமும் செய்ததில்லை. கையைத் தூக்கினால் தனக்குத் திக்குகிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும். அந்த வெட்கத்தில்தான் அன்றைக்குப் பதினாறு பேரைக் குனிய வைத்துக்கொண்டு அவர் உள்ளே மல்லுக்கட்டியிருக்கிறார்.

"கையைத் தூக்கினா எந்திரிக்கணும்னு அ... அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"முன்னாலயே சொல்லிருங்க."

"என்னன்னு?"

"எனக்கு வாய் திக்கும்னு" என்றாள் வள்ளியம்மை சாதாரணமாக.

பரமசிவம் உட்கார்ந்துவிட்டார். அந்த வார்த்தையை அவர் எந்த மொழியிலும் யாரிடமும் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லிக் கேட்டதுதான். வள்ளியம்மையும் இத்தனை வருஷத்தில் அன்றுதான் சொன்னாள். சொன்ன பிறகு வீடு இடிந்துவிடவில்லை. தர்ஷினி சோபாவை நேராக இழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் அவர் அடுத்த செக்டாரில் இருந்த அம்பிகாவின் வீட்டுக்குப் போனார். போன் என்றால் அவருக்கு ஆகாது. வாசலில் நின்றபடியே சொன்னார். மூன்று நொடி காத்திருப்பேன், வராவிட்டால் கையைத் தூக்குவேன், எல்லாரும் நிமிர வேண்டும், மறுபடி முதலிலிருந்து. முன்வரிசைக்காரர்களிடம் ஆட்டத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன்.

அம்பிகா யோசித்தாள். "முதல்ல பயிற்சியில பார்க்கணும் சார். மூணு வாரம், மூணு டீம். நான் பக்கத்துலயே நிப்பேன். சேஃப் இல்லன்னு தோணிச்சுன்னா மறுபடியும் அதேதான் எழுதுவேன். அப்புறம் கோவிச்சுக்கிட்டு என்மேல நாராஸ் ஆகக் கூடாது."

"ஆகமாட்டேன்" என்றார்.

மூன்று வாரமும் ஒரு ஸ்க்ரம் கூட விழவில்லை. ஜனவரி இரண்டாவது ஞாயிறு அவருக்கு ஓர் ஆட்டம் கொடுத்தார்கள். லீகில் நடுவில் இருக்கும் இரண்டு அணிகள். நஜஃப்கட் கிளப் ஒன்று, வசந்த் குஞ்ச் கிளப் ஒன்று.

காலையில் பனிமூட்டம் விலக நேரமாயிற்று. வள்ளியம்மை அன்று காரை எடுத்துக்கொண்டு கூடவே வந்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்க்கும் முதல் ஆட்டம் அது. ஷாலை இழுத்துப் போர்த்திக்கொண்டு கோட்டோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஆட்டத்துக்கு முன்னால் இரு பக்கத்து முன்வரிசைக்காரர்களையும் நடுவர் சந்தித்துப் பேசுவது வழக்கம். நஜஃப்கட் அறையில் மூன்று பேர் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் இருந்தவன் தரம்வீர். பகலில் பால்பண்ணை, சாயங்காலத்தில் குஸ்தி என்று வளர்ந்த உடம்பு, நூற்றுப்பன்னிரண்டு கிலோ.

பரமசிவம் இந்தியில் சொன்னார். "எனக்குத் திக்கும். இரண்டாவது சொல் சிலசமயம் வராது. மூணு நொடி பாப்பேன். வரலன்னா கையைத் தூக்குவேன். எல்லாரும் நிமிர்ந்திரணும். யாரும் ம... முந்தக் கூடாது."

பெஞ்சில் இருந்த இளைஞன் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். முப்பத்தைந்து வருஷமாக அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் பரமசிவம் வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டு வாழ்ந்தார். இப்போது அது வந்தது, போயிற்று. அவர் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு கையா, ஒரு கையா சர்?" என்று கேட்டான் தரம்வீர்.

"ஒரு கை."

"அச்சா" என்று அவன் மறுபடி துணி சுற்றத் தொடங்கினான்.

வசந்த் குஞ்ச் அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுடைய தலைவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தன் ஆட்களிடம் ஒருமுறை திருப்பிச் சொன்னான்.

முதல் பாதியில் ஆறு ஸ்க்ரம். ஒன்றில் திக்கியது. கை உயர்ந்தது, நிமிர்ந்தார்கள், மறுபடி குனிந்தார்கள், இரண்டாம் தரம் சொல் வந்தது. அம்பிகா கோட்டோரம் குறிப்பேட்டோடு கூடவே நடந்துகொண்டிருந்தாள். பரமசிவம் அவள் பக்கம் திரும்பவில்லை. பந்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பிடியைப் பார்த்தார். இடைவேளைக்குப் பிறகு தான் நடுவர் என்பதே மறந்து ஆட்டத்துக்குள் போய்விட்டார். அப்படிப்பட்ட நாட்கள் நடுவருக்கு எப்போதாவதுதான் வாய்க்கும்.

முடிய இரண்டு நிமிஷம். நஜஃப்கட் பதினேழு, வசந்த் குஞ்ச் பதினைந்து. நஜஃப்கட்டின் கோட்டிலிருந்து ஐந்து மீட்டரில் ஸ்க்ரம், பந்து வசந்த் குஞ்சுடையது.

"க்ரவுச்."

உதடு ஒட்டிக்கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று. கையைத் தூக்கினார். பதினாறு பேரும் நிமிர்ந்தார்கள்.

"க்ரவுச்."

மறுபடியும் வரவில்லை. கையைத் தூக்கினார். கோட்டுக்கு வெளியே யாரோ பொறுமையிழந்து, "அரே, போலோ பாயி, சொல்லித் தொலை!" என்று கத்தினான். வள்ளியம்மை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். வசந்த் குஞ்ச் தலைவன் கத்தியவனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அதோடு அங்கே சத்தம் அடங்கியது.

மூன்றாம் தரம் குனியப்போகும்போது தரம்வீர், தொடையில் கையை ஊன்றி இரைத்துக்கொண்டே முனகினான். "ஆராம் ஸே, சர், மெதுவாவே சொல்லுங்க. எங்களுக்கு ஓசியில மூச்சு கிடைக்குது."

எதிர்ப்பக்கத்து முன்வரிசைதான் முதலில் சிரித்தது. பிறகு எல்லாரும். பரமசிவத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, "க்ரவுச்" என்றார். "பைண்ட்." வந்துவிட்டது. "செட்."

முட்டினார்கள். பந்து உள்ளே உருண்டது. வசந்த் குஞ்ச் ஒரு தப்படி முன்னே தள்ளியது. அந்த நொடியில் தரம்வீரின் முழங்கை கீழே இறங்கி, எதிராளியின் சட்டையைத் தரையை நோக்கி இழுத்தது. ஸ்க்ரம் சரிந்தது.

பரமசிவம் அதற்கு இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். சற்றுமுன் அவருக்கு வாயைத் திறந்து கொடுத்தவன் அவன்தான். அவருக்கு அது நினைவில்லாமல் இல்லை. விசில் நீளமாக, கோபமில்லாமல் ஒலித்தது. கை வசந்த் குஞ்ச் பக்கம் உயர்ந்தது. பெனால்டி.

உதை கம்பங்களுக்கு நடுவே போயிற்று, வசந்த் குஞ்சுக்கு மூன்று புள்ளி. பதினெட்டுக்குப் பதினேழு. ஆட்டம் முடிந்தது.

வரிசையாகக் கைகுலுக்கும்போது தரம்வீர் வந்தான். முகமெல்லாம் சேறு. தன்னால்தான் தோற்றோம் என்பது அவனுக்குத் தெரியும். பரமசிவம் ஏதாவது சொல்ல வேண்டுமென்று நினைத்தார். சொல் எதுவும் கிடைக்கவில்லை. இந்தத் தடவை அதற்குக் காரணம் திக்கல் இல்லை.

"சரியாத்தான் கொடுத்தீங்க, சர்" என்றான் தரம்வீர். "நான் இழுத்தேன். நீங்க அந்தப் பக்கம் பாக்கமாட்டீங்கன்னு நினைச்சேன்." அவர் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்திவிட்டு, சோலே பட்டூரா வைத்திருந்த மேஜைப் பக்கம் நடந்தான்.

அம்பிகாவின் அறிக்கை அவர்கள் கிளம்புமுன்பே போனில் வந்தது. அதை மைதானத்து வாசலில், காருக்குள் உட்கார்ந்து வாசித்தார். 'ஸ்க்ரம்: பாதுகாப்பானது. கடைசி பெனால்டி: சரி. முப்பத்தோராவது நிமிஷத்தில் அட்வான்டேஜ் கொடுத்துவிட்டு இன்னும் பொறுத்திருக்க வேண்டும், அவசரப்பட்டு விசில் ஊதிவிட்டார்.' கடைசி வரியை அவர் இரண்டுதரம் படித்தார். எந்த நடுவரையும் சொல்கிற மாதிரி தன்னையும் ஒருத்தி குறை சொல்லியிருக்கிறாள். மனசு நிறைந்துவிட்டது.

வள்ளியம்மை காரை எடுத்தாள். கொஞ்சதூரம் போனதும், "அதென்னங்க அட்வான்டேஜ்? நீங்க கையை நீட்டிக்கிட்டே ஓடுனீங்களே, அதா?" என்று கேட்டாள்.

பரமசிவம் சொல்லத் தொடங்கினார். எப்போது கையை நீட்டுவது, எவ்வளவு தூரம் விடுவது, எப்போது போதும் என்று தோன்றும், தோன்றுவது எப்படி. முப்பத்தோராவது நிமிஷத்தில் என்ன நடந்தது, அம்பிகா சொன்னது ஏன் நியாயம். வார்த்தைக்கு வார்த்தை நின்றது. நின்ற இடத்தில் நின்று, பிறகு கிளம்பிப் போனது. அத்தனை நீளமாக அவர் பேசி வள்ளியம்மை கேட்டதில்லை. துவாரகா வந்துவிட்டது. அவர்கள் செக்டாருக்கு முன்னால் இருக்கிற ரவுண்டானாவில் இடதுபக்கம் திரும்ப வேண்டும். அவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். வள்ளியம்மை திரும்பவில்லை. ரவுண்டானாவை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள், பிறகு இன்னொரு சுற்று. அவர் சொல்லி முடித்த பிறகுதான் இண்டிகேட்டரைப் போட்டாள்.